இடது காலின் சுண்டுவிரல்

இடது கால் என்றுதான் நினைக்கிறேன். நேமத் என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது இடது என்று சொன்னதாகவே ஞாபகம். ஆனால் அன்று அவன் இருந்த நிலையில் மாற்றிச் சொல்லியிருக்கலாம், கேட்ட நானும் மாற்றி வாங்கியிருக்கலாம். வருடங்கள் நிறைய ஆகிவிட்டன. மற்றதை அவன் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். அவன் மனதில் ஓடியது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அந்த ஒன்றரை மணி நேரமும் அவன் வேறு எதையுமே சொல்லவில்லை என்பதுதான் பதில்.

அவனுடைய அண்ணன் யதுல்லா ஆகஸ்ட் மாதத்தில் திரும்பி வந்தான். போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து, எல்லைக்கு அப்பாலிருந்து கைதிகளைப் பேருந்து பேருந்தாக அனுப்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. எங்கள் தெஸ்ஃபூல் ஊர் வெயிலில் சுவர்களைத் தொட முடியாது. சதுக்கத்தில் இரண்டு ஆடுகளை அறுத்தார்கள். ரத்தம் தார்ச்சாலையில் விழுந்த மாத்திரத்தில் தோலாக உறைந்தது. கண்ணேறு கழிக்கப் பெண்கள் தணலில் விதைகளைத் தூவினார்கள். அந்தப் புகைக்கு நடுவே பல்லில் பாதி போன, கன்னம் ஒட்டிய ஒரு மனிதன் இறங்கினான். முகம் யதுல்லாவுடையதுதான். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எட்டு வருடத்துக்கு முன் அவனைப் புதைத்திருந்தோம் என்பதுதான் எல்லோரையும் சற்று எட்டவே நிற்க வைத்தது.

ரொட்டிக்கடை மன்சூர்தான் முதலில் வாய் திறந்தார். "டேய், உன் நாற்பதாம் நாள் அல்வா தின்னவன்டா நான். சர்க்கரையே இல்ல."

"அடுத்த தடவை கூடப் போடச் சொல்றேன்" என்றான் வந்தவன்.

கூட்டம் சிரித்தது. நேமத்தும் சிரித்தான். அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுகை பொய்யில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தான். அணைப்பில் ஒரு மணம் மட்டும் இடறியது. நெடும்பயணம் வந்தவனிடம் வரும் வேர்வையும் டீசலும் இல்லை. பன்னீர். பன்னீரும், அதற்கு அடியில் கற்பூரமும்.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்துத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அவன் கால் கழுவினான். துண்டை ஏந்திக்கொண்டு நேமத் எதிரே நின்றான். வந்தவன் காலுறையை மெதுவாக, விரல் விரலாக உரித்து எடுத்தான். பாதத்தைத் தண்ணீருக்குள் விட்டு, வெளியே எடுத்து, சொட்டச் சொட்ட நேமத் பக்கம் நீட்டினான்.

ஐந்து விரல்களும் இருந்தன.

யதுல்லாவுக்கு ஒன்பது வயதில் செங்கல் சூளையின் தள்ளுவண்டி காலில் ஏறி, சுண்டுவிரல் அடியோடு போயிற்று. அண்ணன் அலறிக்கொண்டிருக்க, ஏழு வயது நேமத்தான் அந்த விரலைக் கையில் பொத்திக்கொண்டு வீடு வரை ஓடினான். மாதுளைச் செடியின் அடியில் அதைப் புதைத்ததும் அவன்தான். அது எவ்வளவு லேசாக இருந்தது என்பது அவன் உள்ளங்கைக்கு மறக்கவே இல்லை.

"என்ன தம்பி, துண்டைக் குடு" என்றான் வந்தவன்.

நேமத் கொடுத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எட்டு வருடத்துக்கு முன், யதுல்லாவின் படைப்பிரிவிலிருந்து தகவல் நின்று மூன்று மாதம் ஆனபோது, ஒரு உடலை அடையாளம் காட்ட நேமத்தை அழைத்தார்கள். குளிரூட்டிய நீளக் கூடம். துணி சுற்றிய வரிசை. முகம் இல்லாத உடல். "ஏதாவது அடையாளம் இருந்தா பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுத்தர் வெளியே புகைக்கப் போனார். நேமத் கால் பக்கத்துத் துணியை விலக்கினான். இரண்டு கால்களிலும் ஐந்தைந்து விரல்கள், யாரோ ஒரு தாய் எண்ணி முத்தமிட்ட விரல்கள். துணியை மூடினான். வெளியே வந்து, "சுண்டுவிரல் இல்ல. என் அண்ணன்தான்" என்றான். எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்டார். யாரும் திறந்து பார்க்கவில்லை.

காரணம் தூபா. யதுல்லாவின் மனைவி. அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து நேமத் அவளை "அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டு, அந்தச் சொல்லை ஒவ்வொரு தடவையும் விழுங்கிக்கொண்டிருந்தான். காணாமல் போனவனின் மனைவி காத்திருப்பாள். இறந்தவனின் மனைவியை அவன் தம்பி கட்டிக்கொள்வது எங்கள் ஊரில் தர்மம். இரண்டாம் வருடம் கட்டிக்கொண்டான். ரயஹானே பிறந்தாள். வியாழன்தோறும் பன்னீர் விட்டு அண்ணன் பெயர் வெட்டிய கல்லறைக் கல்லைக் கழுவியதும் நேமத்தான். அவன் தாய் அந்தக் கல்லை முத்தமிட்டே தேய்ந்தாள். "என்னை அவன் காலடியில வைங்கடா" என்று சொல்லிச் செத்தாள். அப்படியே வைத்தோம். யார் காலடியில் என்பது நேமத்துக்கு மட்டும் தெரியும்.

அதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை மன்னிப்பு இருந்திருக்கும். கல்யாணத்துக்கு முந்தைய கோடையில் கடிதம் வந்தது. நேமத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவன். தன் கையாலேயே எடுத்தான். செம்பிறைச் சங்கத்தின் முத்திரை போட்ட ஒற்றைத் தாள். முன்பக்கம் கைதி எழுத, பின்பக்கம் வீட்டார் பதில் எழுத. "தூபா, உயிரோடு இருக்கிறேன். மாதுளை காய்த்ததா?" பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

எரித்துவிடலாம் என்றுதான் அடுப்பை மூட்டினான். தாளின் தலையில் பிஸ்மில்லாஹ் இருந்தது. இறைவன் பெயர் உள்ள தாளை நெருப்பில் போட எங்களில் திருடன்கூடத் துணிய மாட்டான். ஓடும் நீரில் விடலாம் என்று ஆற்றுக்குப் போனான். பழைய பாலத்தடியில் தூண்டில் போட்டிருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினான். கடைசியில் நிலவறைக்குக் கொண்டுபோனான்.

எங்கள் ஊர் வீடுகளுக்கு அடியில் நாற்பது படி ஆழத்தில் நிலவறை உண்டு. கோடைப் பகலெல்லாம் அங்கேதான். போரில் ஏவுகணை விழுந்த நாட்களில், ஒரு வாசல் அடைபட்டால் மறு வாசலில் ஏறலாம் என்று அவன் நிலவறைக்கும் என்னுடையதற்கும் இடையே ஒரு சுரங்கவழி வைத்திருந்தோம். போரின் மூன்றாம் ஆண்டு அதன் நடுவில் மண் சரிந்ததும் இரு பக்கமும் நானே சுவர் எழுப்பி அடைத்தேன், நான் கொத்தன். அவன் பக்கத்தில் மூன்று கற்கள் காரை பிடிக்காமல் ஆடின. அந்தக் கற்களை உருவி, இருட்டுக்குள் தாளைப் போட்டு, மறுபடி மூடினான். ஏழு வருடத்தில் பதினெட்டுத் தாள்கள். எல்லாவற்றையும் படித்தான். ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

வந்தவன் எதையும் கேட்கவில்லை. தூபா தம்பியின் மனைவி என்று தெரிந்ததும், "நல்லது, வீடு வீட்டோட இருந்திருக்கு" என்றான். அவளை "தங்கச்சி" என்று கூப்பிட்டான். அவளைப் பார்த்து நேமத்தின் வாய் ஒரு தடவை தவறி "அண்ணி" என்றது; தூபா சட்டியிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

மேலே அறை ஒழித்துக் கொடுத்தார்கள். "எங்களுக்கு வெளிச்சம் பழக்கமில்ல. கீழ படுத்துக்கறேன்" என்று வந்தவன் நிலவறைக்குப் போய்விட்டான். எங்களுக்கு என்றால் கைதிகளுக்கு என்று நேமத் நினைத்துக்கொண்டான். ஆனால் மதியம் சோற்றுக்கு ஏறி வரும்போதும் அதே சொல். "எங்களுக்குப் பசிக்கல." "எங்களுக்கு இந்த வீட்டு மாதுளை ஞாபகமாவே இருந்துச்சு." ஒரு தடவை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ரயஹானேயைப் பார்த்தபடி சொன்னான்: "நாலாவது தடவை எழுதினப்போ பல்வலி. ஒன்பதாவதுல கை உடைஞ்சிருந்துச்சு, பக்கத்துல இருந்தவன்தான் எழுதினான். கையெழுத்து வேற மாதிரி இருந்திருக்கும். இல்ல தம்பி?"

"எனக்கு எப்படி அண்ணா தெரியும்?" என்றான் நேமத்.

வந்தவன் ரொட்டியைப் பிய்த்துக் குழந்தையின் தட்டில் வைத்தான்.

பகல் தூக்க நேரத்தில், தெருவில் நாய்கூட நடமாடாத அந்த இரண்டு மணி நேரத்தில், நேமத் மேல் அறையில் தரையோடு காதை வைத்துப் படுத்திருப்பான். நிலவறையின் காற்றுத்துளை முற்றத்து மூலையில் திறக்கும். அதன் வழியே ஈரமண் வாசனையோடு சத்தமும் ஏறி வரும். தண்ணீர்க் குழாய் சொட்டுவது, எங்கோ புறா குனுகுவது, இவற்றுக்கெல்லாம் அடியில், ஒருவன் மெதுவாகப் பேசுவதும், நிறுத்துவதும், நிறுத்திய இடத்திலிருந்து இன்னொருவன் தொடர்வதும்.

வியாழக்கிழமை ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர், தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். "உயிரோட இருக்கறவருக்குக் கபர் எதுக்கு? சனிக்கிழமை காலைல திறக்கறோம். உள்ள இருக்கறவருக்கும் ஒரு வீடு இருக்குமில்லையா. புருஜெர்த்ல ஒரு அம்மா எட்டு வருஷமா வந்து வந்து கேக்கறாங்க, வரச் சொல்லியிருக்கேன்." பழைய கோப்பைப் புரட்டினார். "இதுல சுண்டுவிரல் இல்லன்னு எழுதியிருக்கே. தம்பி கையெழுத்து. எலும்பைப் பாத்தா தெரிஞ்சிடும்."

அவர் போனதும் தூபா தட்டுகளை அடுக்கினாள். நேமத் அவள் பின்னாலேயே அடுக்களைக்குப் போனான்.

"தூபா, அவன் காலைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"வந்த அன்னைக்கே. நீ துண்டோட நின்னியே, ஜன்னல்ல இருந்து."

"அப்புறம் ஏன் சும்மா இருக்க? அது என் அண்ணன் இல்ல."

தூபா கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரல் உயரவில்லை. "அவருக்கு விரல் இல்ல. இவருக்கு இருக்கு. அப்ப இவர் அவர் இல்ல. சரி. போய் அந்த அதிகாரிகிட்ட சொல்லு. 'எனக்கு எப்படித் தெரியும்னா, அன்னைக்கு நான் பாத்த காலும் இதுதான்'னு சொல்லு."

நேமத் கதவுப் பக்கம் திரும்பினான்.

"நீ வாயத் திறப்பேன்னு நாலு நாளா காத்துட்டிருக்கேன், நேமத்" என்றாள். "உங்கம்மாவுக்காகவாவது."

வெள்ளிக்கிழமை நண்பகல். ஊர் முழுக்க ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தது. வந்தவனை மாலை போட்டு அழைத்துப் போயிருந்தார்கள்; தொழுகைக்கு முன் அவன் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். தூபாவும் குழந்தையும் பெண்கள் பக்கம் போயிருந்தார்கள். கபரைத் திறப்பதைத் தடுக்க முடியாது. ஆனால் கடிதங்கள் கிடைக்காவிட்டால், அன்று பிணக்கூடத்தில் பயத்தில் தவறிவிட்டேன் என்று அழலாம். பயந்த தம்பியை ஊர் மன்னிக்கும். கடிதத்தைப் புதைத்தவனை மன்னிக்காது. தூபாவைப் பிரித்துவிடுவார்கள். ரயஹானேயை அவளோடு அனுப்பிவிடுவார்கள். நேமத் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

நாற்பது படிகள். பத்தாவது படியில் வெயில் நின்றது, இருபதாவதில் வேர்வை குளிர்ந்தது, முப்பதாவதில், கோடையில் எப்போதும் மூக்கில் ஏறும் அந்த ஈரச் செங்கல் வாசனைக்குப் பதிலாக, வியாழன்தோறும் தன் கையிலிருந்தே கமழ்ந்த பன்னீர் வாசனை, படிகளின் மேல் யாரோ ஊற்றிக் கழுவிவிட்டது போல ஏறி வந்தது. கீழே படுக்கை விரித்திருந்தது. சுருக்கமே இல்லை. யாரும் அதில் படுத்ததாகத் தெரியவில்லை.

காற்றுத்துளை வழியே ஒலிபெருக்கி கேட்டது. வந்தவனின் குரல். "எங்களை மறக்காம இருந்ததுக்கு நன்றி…" குரல் அங்கே. பள்ளிவாசலில். நேமத்துக்கு மூச்சு வந்தது.

மூன்று கற்களையும் உருவினான். முழங்கை வரை கையை விட்டான். தாள் தட்டுப்படவில்லை. தோள் வரை விட்டான். துணி. கோடித் துணியின் சொரசொரப்பு. ஒரு முடிச்சு. அதற்கு அப்பால் குளிர்ந்த ஏதோ ஒன்று.

பாதம்.

கையை எடுக்க நினைத்தான். கை எடுக்கவில்லை. விரல்கள் தாமாக எண்ணின.

பெருவிரல். அடுத்தது. அடுத்தது. அடுத்தது.

பிறகு வழவழப்பான ஒரு தழும்பு.

ஏழு வயதில் பார்த்த தழும்பு.

மேலே ஒலிபெருக்கியில் அதே குரல் பேசிக்கொண்டிருந்தது. "சிறையில கொடுமை பட்டினி இல்ல. கடிதம் வராததுதான்."

சுவருக்குள்ளிருந்து இன்னொரு குரல். பல் எல்லாம் இருக்கிற, இளமையான குரல். போருக்குப் போன நாளில் வாசலில் நின்று சிரித்த குரல்.

"எண்ணிட்டியா, தம்பி?"

பாதம் கைக்குள் மடங்கியது.

"இப்ப அடையாளம் சொல்லு. அங்க பேசறது யாரு? இங்க படுத்திருக்கறது யாரு? அன்னைக்கு ஒரே பார்வையில சொன்னியே."

ஓட்டைக்குள்ளிருந்து ஒரு தாள் வெளியே நீண்டது. செம்பிறை முத்திரை. பின்பக்கம் மேலே. வெறுமை.

"சொல்ல வேணாம். எழுது. முதல் கடிதத்துக்குப் பதில்."

அவன் எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியவில்லை. என் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவன் கையில் அந்தத் தாள் இருந்தது. தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள். அவன் கையில் பன்னீர் வாசம் அடித்தது.

"இங்கயே இரு நேமத்" என்றேன். "நாளைக்கு எல்லாம் முடிஞ்சிடும்."

"இல்ல மேஸ்திரி. நான் எழுதலன்னா வேற ஆளை எழுதச் சொல்லுவாங்க." அவன் தெருப் பக்கம் பார்த்தான். ரயஹானே தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். "இந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் சேர்க்கறோம். இப்பவே பேரு எழுதறா."

கதவருகே நின்று, "பேனா இருக்கா?" என்று கேட்டான்.

அளவு குறிக்க நான் பச்சை மையில் எழுதுவேன். என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை கபரைத் திறந்தோம். எட்டு வருடத்துக் காரை, நானே பூசியது, உளியை வாங்க மறுத்தது. உள்ளே உடலைச் சுற்றிப் புதைத்த கபன் துணி மூன்று இடத்திலும் முடிச்சு அவிழாமல் கிடந்தது. ஆனால் தட்டையாக. அதிகாரி முடிச்சை அவிழ்த்தார். எலும்பு ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு தாள். முன்பக்கம் யதுல்லாவின் கையெழுத்தில் தூபாவுக்கு. பின்பக்கம் நேமத்தின் கையெழுத்து, ஒற்றை வரி: "அண்ணா, நாங்கள் நலம். மாதுளை காய்த்தது." பச்சை மை. அதிகாரியின் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது, இன்னும் காயவில்லை.

நேமத்தைத் தேடி நிலவறைக்கு இறங்கினோம். ஓட்டையை மூன்று கற்களும் அடைத்திருந்தன, காரை ஈரமாக. அதன் முன்னால் நேமத்தின் சட்டையும் கால்சட்டையும் போட்ட ஒரு உடல் கிடந்தது. முகம் இல்லை. வருடக்கணக்கில் பாலைவன மணலில் கிடந்தது போலக் காய்ந்திருந்தது. காலைப் பார்த்தேன். சுண்டுவிரல் இருந்த இடத்தில் பழைய தழும்பு. இடது காலில்.

"நீங்கதான் பக்கத்து வீடு" என்றார் அதிகாரி. "இது நேமத்தானா?"

தூபா படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றால் அந்தச் சுவரை உடைப்பார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள்.

"ஆமா" என்றேன்.

அந்த உடலை நேமத் என்ற பெயரில், அந்தக் காலிக் கபரிலேயே, தாயின் தலைமாட்டில் வைத்தோம். அதுவரை புருஜெர்த்திலிருந்து வந்த அம்மா அந்தக் கபரருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வந்தவன் போய் அவள் பையைத் தூக்கிக்கொண்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவன் பாதத்தைத் தொட்டு விரல்களை எண்ணினாள். இருவரும் மதியப் பேருந்தில் போனார்கள். அவன் மறுபடி எங்கள் ஊருக்கு வரவில்லை. தூபா மகளை அழைத்துக்கொண்டு அஹ்வாஸில் தன் தம்பி வீட்டுக்குப் போனாள். திரும்பக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரயஹானே இப்போது அங்கே பள்ளி ஆசிரியை. மன்சூர் இறந்துவிட்டார். நேமத்தின் வீட்டை யாரும் வாங்கவில்லை.

நான் கோடையில் என் நிலவறைக்கு இறங்குவதை நிறுத்திவிட்டேன். பகல் தூக்க நேரத்தில், நான் எழுப்பிய சுவருக்கு அந்தப் பக்கம், பேனா தாளில் கீறும் சத்தம் கேட்கும். பிறகு தாள் தரையில் இழுபடும் சத்தம். பிறகு ஒரு குரல், கோபமே இல்லாமல், "அடுத்தது" என்று சொல்லும். கடிதங்கள் பதினெட்டுத்தான். அவை எப்போதோ முடிந்திருக்க வேண்டும்.